சணல் நார்: வயலில் விளைவதும் நீரில் தேறுவதும்

நெல் அறுவடை முடிந்து களத்தில் பொலி தூற்றும் வேளையில் குடியானவர் முதன்முதலாகத் தேடுவது சாக்கு. கொள்முதல் நிலையத்திற்குச் சாக்கு வந்து சேரத் தாமதமானால், தூற்றிய நெல் திறந்த வெளியில் அம்பாரமாகக் கிடக்கும். அந்நேரம் பார்த்து மழை பெய்தால் நனைந்து முளைத்தும் போகும். இத்துணை இன்றியமையாத அந்தச் சாக்கு எங்கிருந்து வருகிறது, எச்செடியின் நாரால் ஆனது, அச்செடியைப் பயிரிடுவோர் படும் பாடு எத்தகையது, அப்பாட்டிற்கு அவர்கள் பெறும் பலன் யாது என்பவற்றை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாக்கு நார் சணல் நார் ஆகும். தமிழ்நாட்டில் சணல் பெரும் பரப்பில் பயிராவதில்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் கொண்டுவந்து சேர்க்கும் வங்காளச் சமவெளியே அதற்கு ஏற்ற இடம். உலகில் விளையும் சணலில் மிகப் பெரும்பகுதி இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் விளைகிறது. இந்தியாவின் விளைச்சலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மேற்கு வங்காளத்தினுடையது. முர்ஷிதாபாத், நதியா, வடக்கு 24 பர்கனாக்கள், ஹூக்ளி, கூச் பிகார் முதலிய மாவட்டங்கள் சணலுக்குப் பெயர் பெற்றவை. பிகாரில் பூர்ணியா, கட்டிஹார் பகுதிகளிலும், அஸ்ஸாமில் நகாவோன், பார்பேட்டா, துப்ரி பகுதிகளிலும் இது பயிராகிறது. வங்காள மக்கள் இதைப் ‘பாட்’ என்று அழைக்கின்றனர். ‘பொன்னார்’ என்று போற்றுவதும் உண்டு.

மற்றப் பயிர்களுக்கு இல்லாத ஒரு தன்மை சணலுக்கு உண்டு. நெல்லை அறுத்து அடித்துவிட்டால் விளைச்சல் கைக்கு வந்துவிடுகிறது. சணலை அறுத்தால் வேலையில் பாதிதான் முடிகிறது. அறுத்த செடியைக் குளத்தில் ஊறவைத்து, நாரை உரித்து, அலசி, உலர்த்திய பின்னரே அது விற்பனைப் பண்டமாகிறது. அடுத்தடுத்த வயல்களில் ஒரே விதையை விதைத்து ஒரே அளவு உழைத்த இருவரில், ஒருவர் பொன்னிற நாரும் மற்றவர் கறுத்த நாரும் பெறுவது உண்டு. அந்த வேறுபாடு பெரும்பாலும் குளத்தில் உண்டாவதே. ஆகையால், சணலின் இயல்பையும் பயன்களையும் கூறுமிடத்து, ஊறவைக்கும் முறையை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

பெயரில் உள்ள மயக்கம்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். சணல், சணப்பு, புளிச்சை ஆகிய மூன்றும் வெவ்வேறு செடிகள். நம் நாட்டு வயல்களில் பசுந்தாள் உரத்திற்காக விதைத்து மடக்கி உழப்படும் மஞ்சட் பூச்செடி சணப்பு. அது அவரை இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பது. அதன் பட்டையிலிருந்தும் உறுதியான நார் கிடைக்கும். புளிச்சை, கீரையாக நாம் அறிந்தது. அதன் இனங்கள் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களில் ‘மேஸ்தா’ என்ற பெயரில் நாருக்காகப் பயிராகின்றன. அவ்விரண்டின் நாரும் சணல் நாரைப் போலத் தோன்றினும், சாக்கு ஆலைகள் முதன்மையாக வேண்டுவது சணல் நாரையே.

உண்மையான சணலில் இரண்டு இனங்கள் உள்ளன. தாவர நூலார் முதலாவதைக் கார்கோரஸ் கேப்ஸுலாரிஸ் என்றும், இரண்டாவதைக் கார்கோரஸ் ஒலிடோரியஸ் என்றும் அழைப்பர். முதலாவது வெள்ளைச் சணல், காய் உருண்டையானது, இலை கசக்கும். இரண்டாவது தோசாச் சணல், காய் விரல்போல நீண்டது, இலை கசப்பற்றது. வங்காளத்தில் இரண்டின் இளந்தழையும் கீரையாகச் சமைக்கப்படுகிறது. எகிப்து நாட்டினர் தோசா இனத்தின் கீரையை மிக விரும்பி உண்கின்றனர்.

வெள்ளைச் சணல் வளர்ந்த பின் காலடியில் வெள்ளம் நின்றாலும் தாங்கும். ஆதலால் தாழ்ந்த நிலத்திற்கு ஏற்றது. தோசாச் சணல் தேங்கிய நீரைத் தாங்காது. மேட்டு நிலத்தையும் நடுத்தர நிலத்தையும் வேண்டுவது. எனினும் அதன் நார் மென்மையும் வலிமையும் பொன்னிறமும் மிக்கது, விளைச்சலும் கூடுதல். ஆகவே இந்தியச் சணல் வயல்களில் இன்று தோசா இனமே பெரும்பான்மை.

பருவமும் பயிரும்

சணல் வெப்பத்தையும் ஈரக்காற்றையும் ஒருங்கே விரும்பும் பயிர். பங்குனி, சித்திரை மாதங்களில் பெய்யும் கோடைமழையை நம்பி விதைப்பு நடைபெறுகிறது. விதை மிகச் சிறியது. தோசாச் சணலுக்கு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதுமானது. வெள்ளைச் சணலின் விதை சற்றுப் பெரிதாதலால் கூடுதலாக வேண்டும். முன்னாளில் கைவீச்சாகத் தூவுவதே வழக்கம். அவ்வாறு தூவினால் செடிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் முளைக்கும், களையெடுப்பதும் கடினம். விதைக்கருவியைக் கொண்டு 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைப்பின், விதையும் மிச்சமாகும். களையெடுக்கும் கூலியும் குறையும். சணல் சாகுபடிச் செலவில் பெரும்பகுதி களையெடுப்பிற்கே போவதால் இது சிறு நன்மையன்று.

நெருக்கமாக வளர்ப்பதன் நோக்கம் செடி கிளைக்காமல் நேராக ஓங்கவேண்டும் என்பதே. கிளை விட்ட இடத்தில் நார் அறுபடும். நன்கு வளர்ந்த செடி ஓர் ஆளின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஓங்கி நிற்கும். நான்கு மாதத்திற்குள் இத்துணை வளர்ச்சி பெறும் பயிர்கள் சிலவே. வளரும்போதே இது தன் இலைகளை உதிர்த்து நிலத்தை உரமேற்றுகிறது. சணலுக்குப்பின் நெல் நடுவதும், அதன்பின் உருளைக்கிழங்கு, கடுகு அல்லது பருப்பு வகைகள் பயிரிடுவதும் அந்நாட்டு முறை.

விதை பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். நாருக்காக வளர்க்கும் செடியைக் காய் முற்றுமுன் அறுத்துவிடுவதால் அதிலிருந்து விதை கிடைப்பதில்லை. மேலும், வங்காளத்தின் ஈரமான பருவம் விதை முற்றுவதற்கு ஏற்றதன்று. ஆகவே அங்கு விதைக்கப்படும் விதையில் பெரும்பங்கு வறண்ட பருவம் உள்ள மகாராஷ்டிரம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் விளைந்து செல்கிறது. வங்காளத்து உழவரின் பொன்னாருக்குத் தக்காணத்து உழவரின் உழைப்பும் அடிப்படையாக இருத்தல் காண்க.

அறுவடைக் காலம்

விதைத்த 110 முதல் 120 நாட்களில், செடி பூத்துப் பிஞ்சு பிடிக்கும் நிலையில் அறுப்பது சிறந்தது. முன்னதாக அறுத்தால் நார் மென்மையாக இருக்கும், எடை குறையும். காலம் கடந்து அறுத்தால் எடை கூடும், ஆனால் நார் முரடாகி, அடித்தண்டில் பட்டை தடித்து, எளிதில் ஊறாமற் போகும். நெல் நடவு தள்ளிப்போவது அதனினும் பெரிய நஷ்டம்.

அறுத்த செடிகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள கட்டுகளாகக் கட்டி, மூன்று நான்கு நாட்கள் வயலிலேயே நிறுத்திவைக்கவேண்டும். இலைகள் உதிர்ந்து நிலத்திற்கே எருவாகும். தடித்த செடியையும் மெல்லிய செடியையும் ஒரே கட்டில் கட்டுவது பெருந்தவறு. ஒன்று ஊறி முடியுமுன் மற்றொன்று அழுகிவிடும். இதன் காரணத்தை அறிய நாரின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

நாரின் அமைப்பு

பருத்தி இழை விதையின் மேல் முளைத்த ஒரே உயிரணு. நீண்ட தனி இழை. சணல் நார் அத்தகையதன்று. தண்டின் பட்டைக்கும் உள்ளிருக்கும் மரக்குச்சிக்கும் இடையே, ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள எண்ணற்ற சிற்றணுக்கள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அடிமுதல் நுனிவரை வலைபோல ஓடுகின்றன. அவ்வலையைத்தான் நாம் நார் என்கிறோம். சிற்றணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பசை ஒன்று. நார்க்கற்றையைப் பட்டையோடும் குச்சியோடும் ஒட்டவைத்திருக்கும் பசை மற்றொன்று. பின்னது பெரும்பாலும் பெக்டின் என்னும் பொருளால் ஆனது, எளிதில் கரைவது. முன்னதில் மரத்திற்கு உறுதி தரும் லிக்னின் கலந்துள்ளது, மெல்லவே கரைவது.

நீரிலும் செடியிலும் உள்ள நுண்ணுயிர்கள் பெருகிப் புறப்பசையைத் தின்று கரைக்கும்போது நார் குச்சியினின்று விடுபடுகிறது. அந்நிலையில் எடுத்துவிட்டால் நார் முழு நீளத்துடனும் வலிவுடனும் வரும். எடுக்கத் தவறினால், அதே நுண்ணுயிர்கள் உட்பசையையும் தாக்கத் தொடங்கும். சிற்றணுக்களின் பிணைப்பு தளர்ந்து, நார் தொட்டால் இற்றுப்போகும். முன்கூட்டியே எடுத்தாலோ, பட்டைத் துணுக்குகள் நாரோடு ஒட்டிக்கொண்டு வந்து தரத்தைக் கெடுக்கும். இவ்விரு தவறுகளுக்கும் இடையே உள்ள காலம் இரண்டு மூன்று நாட்களே. அந்நாட்களை அறிந்து செயல்படுவதுதான் சணல் உழவரின் தலையாய திறமை.

ஊறவைக்கும் முறை

குமரி மாவட்டக் காயலோரங்களில் தென்னை மட்டையை ஊறப்போட்டுக் கயிற்றுக்கு நார் எடுப்பதை நம் வாசகர்கள் பலர் அறிவர். சணலை ஊறவைப்பதும் அடிப்படையில் அத்தகையதே. மட்டை ஊறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். சணலுக்கு வெப்பமான ஆடி, ஆவணி மாதங்களில் இரண்டு முதல் மூன்று வாரங்கள் போதும். நீர் குளிர்ந்துபோகும் புரட்டாசிக்குப்பின் அதனினும் கூடுதலான நாட்கள் பிடிக்கும்.

செய்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலாவதாக, கட்டுகளின் அடிப்பகுதி மட்டும் முழங்கால் அளவு நீரில் முழுகுமாறு, மூன்று நாட்கள் நிமிர்த்தி வைக்கவேண்டும். அடித்தண்டின் பட்டை தடித்தது. ஊற அதிக நாள் வேண்டுவது. அதற்கு இவ்வாறு முன்கூட்டியே இடம் கொடுத்தால், பின்னர் முழுத்தண்டும் ஒரே சமயத்தில் ஊறித் தேறும். இப்படி நிமிர்த்தி வைக்காத கட்டுகளில் அடிப்பகுதி ஊறாமல் கட்டையாக நின்றுவிடும். ஆலைக்காரர் அதை வெட்டி ஒதுக்கி விலையைக் குறைப்பர்.

இரண்டாவதாக, கட்டுகளை நீரின்மேல் அருகருகே கிடத்தி, அவற்றின் குறுக்கே மற்றோர் அடுக்குப் பரப்பித் தெப்பம்போல் அமைக்கவேண்டும். வங்காளத்தார் இத்தெப்பத்தை ‘ஜாக்’ என்பர். அடுக்குகள் இரண்டு அல்லது மூன்றுக்கு மேற்படலாகாது.

மூன்றாவதாக, தெப்பத்தின்மேல் ஆகாயத்தாமரையோ வைக்கோலோ பரப்பி, வெயில் படாமல் மூடிப் பாரம் ஏற்றி அமிழ்த்தவேண்டும். கட்டுகளுக்கு மேல் குறைந்தது ஒரு சாண் நீராவது நிற்கவேண்டும். அடியில் சேற்றைத் தொடவும் கூடாது. மெல்ல ஓடும் தெளிந்த நீரே உத்தமம். அஃது இல்லாதவிடத்து ஆழமான குளத்து நீர் நன்று. ஒரே குட்டையில் மீண்டும் மீண்டும் ஊறவைத்தால் நீர் கறுத்து, நாரும் கறுக்கும்.

நான்காவதாக, பத்தாம் நாளிலிருந்து நாள்தோறும் சோதித்தல் வேண்டும். கட்டின் நடுவிலிருந்து இரண்டொரு தண்டுகளை உருவி, அடியிலிருந்து நாரைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பட்டைத்துணுக்கு ஒட்டாமல் நார் குச்சியினின்று வழுக்கி வந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். அன்றே அல்லது மறுநாளே ஆட்களைக் கூட்டி உரித்தல் வேண்டும்.

கறுத்த நாரின் காரணம்

பாரமாக எதை வைப்பது என்பது மிகச் சிறிய வினாவாகத் தோன்றலாம். நாரின் நிறம் அதைப் பெரிதும் பொறுத்தது. குளக்கரையில் எளிதிற் கிடைப்பவை சேற்றுமண்ணும் வாழைத்தண்டும் ஆதலால் குடியானவர் அவற்றையே தெப்பத்தின்மேல் ஏற்றி வந்தனர். சேற்றில் இரும்புச்சத்து உண்டு. வாழைத்தண்டிலும் சில மரக்கட்டைகளிலும் துவர்ப்புச் சத்து உண்டு. சணற்பட்டையிலும் அது உண்டு. இரும்பும் துவர்ப்பும் நீரிற் கூடினால் கருமை நிறம் உண்டாகும். கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சிய முன்னோர் கையாண்டதும் இதே வினைதான். அம்மை நாரில் ஏறிவிட்டால் எத்தனை முறை அலசினாலும் நீங்காது. நன்றாக விளைந்த பயிர் இவ்விதம் தரம் தாழ்கிறது.

இதற்குப் பரிகாரம் செலவு மிக்கதன்று. சேற்றிற்குப் பதிலாகக் கருங்கற்களையோ, சிமெண்டுக் கட்டிகளையோ, மண் நிரப்பி வாய்கட்டிய பழைய பிளாஸ்டிக் பைகளையோ பாரமாக வைக்கலாம். பையிலுள்ள மண் நீரிற் கரைந்து தெப்பத்தில் இறங்காது.

உரித்தலும் உலர்த்தலும்

உரிக்கும் முறைகள் இரண்டு. ஒன்று, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, ஒரு பிடித் தண்டுகளின் அடியைக் கட்டையால் தட்டி நெகிழ்த்தி, நடுவில் ஒடித்து, நீரில் முன்னும் பின்னுமாக உதறி நாரைப் பிரிப்பது. இது விரைவான வேலை. ஆனால் நார் சிக்குப்படும், குச்சியும் துண்டுதுண்டாகிவிடும். மற்றொன்று, கரையில் அமர்ந்து தண்டுகளை ஒவ்வொன்றாக உரிப்பது. இது பெரும்பாலும் பெண்களின் பணி. வேலை மெதுவாயினும் நார் ஒழுங்காக வரும். குச்சியும் முழுதாகக் கிடைக்கும்.

எம்முறையாயினும் இது கடினமான உழைப்பு. அழுகல் நாற்றமுள்ள நீரில் நாட்கணக்கில் நிற்பதால் கைகால்களில் புண்ணும் சொறியும் தோன்றுகின்றன. சணல் நாரின் விலையைப் பற்றிப் பேசுவோர் இவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

உரித்த நாரைத் தெளிந்த நீரில் நன்றாக அலசி, பிழிந்து, மூங்கிற் கொடிகளில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாட்கள் உலர்த்தவேண்டும். தரையில் பரப்பினால் மண்ணும் தூசியும் ஒட்டும். அரைகுறையாக உலர்ந்த நாரைக் கட்டிவைத்தால் உள்ளே புழுங்கி இற்றுப்போகும். எடை கூடும் என்ற ஆசையால் ஈரநாரை விற்பவர், தரக்குறைவால் அதனினும் மிகுதியாக இழப்பர்.

தரமும் விலையும்

சணல் நாரின் தரம், வலிமை, குற்றங்குறைகள், அடிக்கட்டையின் அளவு, நிறம், மென்மை, அடர்த்தி ஆகிய ஆறு இயல்புகளைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. இவற்றுள் வலிமையும் குற்றமும் அடிக்கட்டையும் நிறமும் ஊறவைத்தலைப் பெரிதும் சார்ந்தவை என்பதைக் கவனிக்கவேண்டும். இரகமும் மண்ணும் நல்கும் சிறப்பைக் குளம் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

மத்திய அரசு ஆண்டுதோறும் சணலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கிறது. டி.டி. 3 என்னும் தரத்திற்கு, ஒரு குவிண்டாலுக்கு 2024-25-ஆம் ஆண்டில் 5,335 ரூபாயும், 2025-26-ஆம் ஆண்டில் 5,650 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. சந்தை விலை இதற்குக் கீழே இறங்குமாயின் கொள்முதல் செய்வதற்காக 1971-ஆம் ஆண்டில் இந்தியச் சணல் கழகம் நிறுவப்பெற்றது. ஆயினும், சிறு குடியானவரில் பலர் நாரைத் தம் ஊருக்கு வரும் சில்லறை வியாபாரியிடமே விற்கின்றனர். நெல் நடவிற்குப் பணம் உடனே வேண்டியிருப்பதும், இரண்டொரு குவிண்டால் நாரை நெடுந்தூரம் ஏற்றிச்செல்ல வண்டிச்சத்தம் கட்டாததும் இதற்குக் காரணங்கள். வியாபாரி கண்ணால் பார்த்தும் கையால் இழுத்தும் தரம் சொல்வார். நல்ல நாரும் தாழ்ந்த நாரும் கலந்து கிடந்தால் அனைத்திற்கும் தாழ்ந்த விலையே கூறுவார். தம் நாரைத் தாமே தரம் பிரித்துக் கட்டக் கற்ற உழவர், பேரம் பேசும் இடத்தில் ஏமாற மாட்டார். பலர் கூடிச் சங்கமாகச் சேர்த்து விற்பின் வண்டிச்சத்தமும் பங்காகிவிடும்.

நீர்க்குறையும் புதிய வழிகளும்

சணலை ஊறவைக்கத் தேவைப்படும் நீரின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். ஓர் ஏக்கரில் சுமார் 18 முதல் 20 டன் பச்சைத்தண்டு விளையும். அதிலிருந்து கிடைக்கும் உலர்ந்த நார் ஏறக்குறைய 1 டன்தான். செடியின் எடையைப்போல் 20 மடங்கு நீர் இருப்பது நல்லதென்பர் ஆராய்ச்சியாளர். அவ்வாறாயின் ஓர் ஏக்கர்ச் சணலுக்கு 400 டன் நீர் வேண்டும். அது 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு குளத்து நீர்.

இத்துணை நீர் எல்லா ஆண்டிலும் கிடைப்பதில்லை. கிராமக் குளங்கள் தூர்ந்தும், மீன் வளர்ப்பிற்குக் குத்தகைக்கு விடப்பட்டும், மனைகளாக மாறியும் குறைந்து வருகின்றன. 2022-ஆம் ஆண்டில் தென் வங்காளத்தில் பருவமழை மிகவும் பின்தங்கியபோது, அறுக்கவேண்டிய சணல் வயலிலேயே நிற்க, குடியானவர் மழையை எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்ந்தது. சிலர் எண்ணெய் இயந்திரம் வைத்து நீர் இறைத்துக் குட்டைகளை நிரப்பினர். அச்செலவு லாபத்தை விழுங்கியது. சிறிதளவு நீரில் நெருக்கி ஊறவைத்தோரின் நார் கறுத்துப்போயிற்று.

இக்குறையைப் போக்க ஆராய்ச்சியாளர் சில வழிகளைக் கண்டுள்ளனர். கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் உள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிலையம், புறப்பசையைக் கரைப்பதில் வல்ல நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, ‘கிரைஜாஃப் சோனா’ என்னும் பெயரில் பொடியாக வழங்குகிறது. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் இப்பொடியைத் தெப்பத்தின் அடுக்குகளிடையே தூவினால், ஊறும் காலத்தில் சுமார் ஒரு வாரம் குறைகிறது, தரமும் உயர்கிறது. இந்நுண்ணுயிர்கள் புறப்பசையையே நாடுபவை. ஆகையால் நாரின் வலிமைக்குக் கேடு குறைவு. 2015-ஆம் ஆண்டில் தேசியச் சணல் வாரியம் தொடங்கிய ‘ஜூட் ஐகேர்’ திட்டத்தின் வாயிலாக, இப்பொடியும், சான்று பெற்ற விதையும், வரிசை விதைப்புக் கருவியும், களையெடுக்கும் கருவியும் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

மற்றொரு வழி, பச்சைத்தண்டிலிருந்து பட்டையை மட்டும் நாடாவாக உரித்து, அந்நாடாவைச் சுருட்டிச் சிறிய தொட்டியில் ஊறவைப்பது. குச்சியை நீரில் இடவேண்டியதில்லையாதலால் நீரும் நாளும் மிகவும் குறையும். ஆனால் பச்சையாக உரிக்கக் கூலி மிகுதி. மூன்றாவது வழி, வயலின் ஒரு மூலையில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மழைநீரைத் தேக்கிக்கொள்வது. இதனால் கட்டுகளைத் தொலைவிலுள்ள குளத்திற்குச் சுமந்துசெல்லும் கூலி மிஞ்சும். ஊறவைத்தபின் அந்நீரை வயலுக்கே பாய்ச்சலாம். எந்த வழி எவ்வூருக்கு ஏற்றது என்பதை அவ்வூரின் நீர் நிலையும் கூலி நிலையும் முடிவுசெய்யும்.

ஆலையும் பயன்களும்

கைராட்டினத்தால் சணல் நூற்றுக் கோணி நெய்தல் வங்காளத்தின் பழந்தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தார் விறைப்பான இந்நாரைத் திமிங்கில எண்ணெயும் நீரும் தெளித்து மென்மையாக்கி, இயந்திரத்தில் நூற்கக் கற்றனர். 1853-இல் மூண்ட கிரிமியப் போரால் ருஷ்ய நாட்டு நார்கள் அவர்களுக்கு வருவது தடைப்படவே, சணலுக்குக் கிராக்கி ஏறியது. 1855-ஆம் ஆண்டில் ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ரா என்னுமிடத்தில் இந்தியாவின் முதல் சணல் நூற்பாலை எழுந்தது. பின்னர் ஆற்றின் இருகரையிலும் ஆலைகள் பெருகி டண்டீயையே விஞ்சின. 1947-இல் நாடு பிரிவுற்றபோது ஆலைகள் இந்தியாவிலும், சிறந்த சணல் நிலங்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்துவிட்டன. ஆலைகளுக்கு நார் வேண்டி மேற்கு வங்காளம், பிகார், அஸ்ஸாம் மாநிலங்களில் சணல் சாகுபடி விரிவுற்றது அதன் பின்னரே. கிழக்குப் பாகிஸ்தான் 1971-இல் வங்காளதேசமாகியது. உலகச் சந்தைக்கு மிகுதியான கச்சாச் சணலை ஏற்றுமதி செய்வது அந்நாடே.

சணலின் பயன்கள் பல. சாக்கு, மெல்லிய ஹெஸ்ஸியன் துணி, கயிறு, ட்வைன் நூல், கம்பளத்தின் அடித்துணி, பைகள், பாய்கள், திரைகள் ஆகியன நாரால் ஆகின்றன. திறந்த வலையாக நெய்த சணல் துணியை ஆற்றங்கரைச் சரிவிலும் சாலைச் சரிவிலும் விரித்தால், மழை மண்ணை அரிக்காமல் தடுக்கும். ஈரத்தைப் பிடித்துவைத்துப் புல் வேரூன்ற உதவும். புல் வளர்ந்து மண்ணைப் பற்றிக்கொண்டபின், ஓரிரு ஆண்டில் துணி தானே மட்கி உரமாகிவிடும். நாரின் எடையைப்போல் இருமடங்குக்கு மேல் கிடைக்கும் குச்சி, அடுப்பெரிக்கவும், வேலி கட்டவும், சுவர் தட்டி அமைக்கவும், வெற்றிலைக் கொடிக்கால் பந்தல் போடவும் பயன்படுகிறது. அதை நொறுக்கி அழுத்திப் பலகை செய்வதும் உண்டு. இலை கீரையாகவும் எருவாகவும் ஆகிறது. எறிவதற்கென்று இச்செடியில் ஒன்றும் இல்லை.

எனினும் சணலுக்குப் போட்டியாகப் பாலிபுரொப்பிலீன் என்னும் செயற்கை இழைப் பைகள் வந்து, உரம், சிமெண்டு ஆகியவற்றின் கட்டுமானத்தைக் கைப்பற்றிவிட்டன. அவை எடை குறைந்தவை, விலையும் மலிவு. உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் காக்க 1987-ஆம் ஆண்டில் கட்டாயச் சணற்கட்டுமானச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அண்மை ஆண்டுகளில் பிறந்த ஆணைகள், உணவு தானியம் முழுவதையும், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கையும் சணற்பையில் கட்டவேண்டுமென விதித்தன. வங்காளதேசமும் 2010-ஆம் ஆண்டில் இத்தகைய சட்டம் செய்தது. சணற்சாக்கு காற்றோட்டம் தருவது. உள்ளிருக்கும் தானியம் புழுங்காது. அடுக்கினால் வழுக்கிச் சரியாது. மண்ணிற் கிடந்தால் மட்கிப்போகும். செயற்கைப் பையோ ஆண்டுக்கணக்கில் வாய்க்காலை அடைத்துக் கிடக்கும். ஆயினும், சட்டத்தின் துணையோடு மட்டும் ஒரு பொருள் நெடுநாள் நிலைத்திருத்தல் அரிது. நல்ல நார் நியாயமான விலையில் ஆலைக்குக் கிடைத்தால்தான், நல்ல துணியும் புதிய பண்டங்களும் தோன்றிச் சணலுக்குச் சந்தை விரியும். அவ்வகையிலும் குளக்கரை வேலையே தலைமையானது.

நாம் அறியவேண்டியவை

சாக்கைக் கையாளும் நம் கிராமத்தாருக்கும் இதில் சில பாடங்கள் உள்ளன. சணல் ஈரத்தை விரைவில் உறிஞ்சும். ஈரத்தரையில் சாக்கை நேராக அடுக்கினால் அடிச்சாக்கில் பூசணம் பிடித்து நார் இற்றுப்போகும். மூட்டைகளைப் பலகையின்மேல் அடுக்குதல் வேண்டும். காலிச் சாக்குகளை உதறி, உலர்த்தி, மடித்து, நிழலில் வைக்கவேண்டும். நாட்கணக்கில் வெயிலில் கிடக்கும் சணல் பழுப்பேறி வலுக்குன்றும். பழைய சாக்கில் விதை நெல்லை வைக்குமுன், தையலிடுக்கில் வண்டு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்தல் அவசியம்.

மற்றொரு பாடம் பொதுவானது. தென்னை நார், வாழை நார், கற்றாழை நார் என நம் நாட்டிலும் நார்ப்பொருள்கள் பல உள்ளன. இவை யாவற்றிலும் அறுவடைக்குப் பிந்திய பக்குவமே விலையை முடிவுசெய்கிறது. கல்லைப் பாரமாக வைப்பதா, சேற்றை வைப்பதா என்பது போன்ற சிறு கவனங்கள் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை மாற்றிவிடுகின்றன. அக்கவனத்திற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. காரணம் அறிந்து செய்யும் பழக்கம் வேண்டும்.

அடுத்த முறை நெல் மூட்டையின் வாயைத் தைக்கும்போது, அச்சாக்கின் இழைகளை நாம் ஒருகணம் உற்றுநோக்குவோமாக. இழை வெளுத்தும் வலுத்தும் இருந்தால், வங்காளத்தின் ஏதோ ஒரு குளக்கரையில் ஒரு குடியானவரும் அவர்தம் குடும்பத்துப் பெண்டிரும் தக்க நாளில் தண்டை உருவிப் பார்த்து, தெளிந்த நீரில் அலசி, மூங்கிற் கொடியில் உலர்த்தினர் என்று அறியலாம். அவர்கள் உழைப்புக்கு ஏற்ற விலை அவர்களைச் சென்றடைய வேண்டும். அவர்கள் நெய்யத் தந்த நாரில்தான் நம் உழைப்பின் பலனும் பத்திரமாக வீடு வந்து சேர்கிறது.